மலையோடையின் நீலப் பறவை
இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவியும் அதன் குறுகிய உலகமும்

புனேயை அடுத்த பிம்ப்ரி–சிஞ்ச்வட் தொழில் நகரின் வடமேற்குக் கோடியில் நிக்டி என்னும் பகுதி அமைந்துள்ளது. அங்கிருந்து பழைய மும்பைச் சாலை வழியே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால், மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பிலுள்ள லோனாவ்ளாவை அடையலாம். ஜூன் மாதத்தில் பருவமழை தொடங்கி, கற்சரிவுகளில் அருவிகள் உயிர் பெற்றெழும் நாட்களில், விடியுமுன் அப்பகுதிக்குச் செல்வோர் ஒரு விந்தையான சீழ்க்கை ஒலியைக் கேட்கலாம். பாட்டின் மெட்டை முழுவதும் அறியாத சிறுவன் ஒருவன், அறிந்த மட்டில் இழுத்து இழுத்துச் சீட்டியடித்துக் கொண்டு போவது போல் அவ்வொலி ஏறியும் இறங்கியும், நின்றும் தொடர்ந்தும் வரும். ஆங்கிலேயர் இப்பறவைக்குச் 'சீட்டியடிக்கும் பள்ளிச் சிறுவன்' என்றே செல்லப் பெயரிட்டனர். மராத்தியர் 'ஷீள்கரி கஸ்தூர்' என்பர். தமிழில் இது சீகாரப் பூங்குருவி எனப்படுகின்றது. நீலகிரி, பழனிமலை, ஆனைமலை ஆகியவற்றின் ஓடைக்கரைகளிலும் இதனைக் காணலாம்.

இக்கட்டுரை இப்பறவையைப் பற்றியதன்று. இதன் உறவினமாகிய மற்றொன்றைப் பற்றியது. பாக்கு நீரிணைக்கு அப்பால், இலங்கையின் மத்திய மலைநாட்டில் மட்டும் வாழும் சீழ்க்கைப் பூங்குருவி ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் அது இல்லை. நம் நாட்டுப் பறவையோ மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் பரவி, மழைக்காலம் கழிந்தபின் அடிவாரத்துத் தோப்புகளுக்கும் இறங்கி வந்து, சில வேளைகளில் மனிதர் கட்டிய கட்டடங்களிலும் கூடு அமைத்துக்கொண்டு, எவ்வித ஆபத்துமின்றி வாழ்ந்து வருகின்றது. தீவிலுள்ள உறவினமோ அருகி வரும் பறவையென உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரு பறவைகளுக்குள் இத்துணை வேறுபாடு நேர்ந்தது எங்ஙனம் என்பதே நாம் ஆராயத்தக்க பொருள்.

பேரினமும் பெயரும்

இவ்விரு பறவைகளும் 'மையோபோனஸ்' என்னும் பேரினத்தில் அடங்கும். 'ஈயைக் கொல்வது' என்னும் பொருள்பட டெம்மின்க் என்னும் டச்சு நாட்டு அறிஞர் 1822-இல் இட்ட கிரேக்கப் பெயர் அது. ஈயைக் கொல்லும் என்பது உண்மையே எனினும், நண்டையும் தவளையையும் பல்லியையும் அடித்துத் தின்னும் பறவைக்கு அப்பெயர் சற்றுக் குறைவான மதிப்புரை என்றே தோன்றுகின்றது. நெடுங்காலம் இவை பூங்குருவிகளின் குடும்பத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. மரபணுக்களை ஒப்பிட்டு ஆராயும் முறை வந்தபின், இவை ஈப்பிடிப்பான்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. ஆயினும் வழங்கி வந்த பெயரை மாற்றுவார் இலர்.

இப்பேரினத்தில் 9 இனங்கள் உள்ளன. இமயமலையில் ஒன்று, தென்னிந்தியாவில் ஒன்று, மலேயாவில் ஒன்று. எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை தீவுகளுக்கே உரியவை. சுமத்திராவில் இரண்டும், ஜாவா, போர்னியோ, தைவான், இலங்கை ஆகியவற்றில் ஒவ்வொன்றும் வாழ்கின்றன. எங்கு வாழினும் அவை நாடுவது மலையும், மரநிழலும், பாறைகளிடையே விழுந்தோடும் நீருமே. தாழ்ந்த சமவெளியும் கடலும் அவற்றைப் பிரித்து வைத்துள்ளன.

பெயர் வரலாற்றில் சுவையான செய்தி ஒன்று உண்டு. இலங்கைப் பறவையைச் சிங்கள மொழியில் 'அரங்கயா' என்பர். அச்சொல் ஜாவாத் தீவிலிருந்து வந்தது. ஜாவாவில் பல ஆண்டுகள் தங்கி ஆராய்ந்த தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு என்னும் அமெரிக்க மருத்துவர், அத்தீவின் சீழ்க்கைப் பூங்குருவிக்கு உள்ளூர் மக்கள் வழங்கிய பெயரைக் குறித்து வைத்தார். அதிலிருந்து 'அரெங்கா' என்னும் பேரினப் பெயர் உருவாக்கப்பட்டு, இலங்கைப் பறவைக்கும் முதலில் அப்பெயரே சூட்டப்பட்டது. விஞ்ஞானிகள் பின்னர் அப்பெயரைக் கைவிட்டனர். இலங்கையிலோ அது நிலைத்துவிட்டது. நம் நாட்டுச் சீகாரப் பூங்குருவியின் இனப்பெயரில் இன்றும் விளங்குவது அந்த ஹார்ஸ்ஃபீல்டின் பெயரே.

காப்பித் தோட்டக்காரர் கண்ட பறவை

இலங்கைப் பறவைகளைப் பற்றிய ஆராய்ச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே நன்கு வளர்ந்திருந்தது. இலங்கையிற் பிறந்த இராணுவ மருத்துவரான கெலார்ட், நுவரெலியா மலைகளில் தேடி 1852-இல் அத்தீவின் விலங்குகளைப் பற்றி நூல் வெளியிட்டார். லேயார்டு என்பார் தீவு முழுவதும் அலைந்து பறவைகளைச் சேகரித்தார். இவ்விருவர் கண்ணிலும் அரங்கயா படவில்லை. பறவையின் ஒளிந்து வாழும் இயல்புக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1872-இல் லண்டன் விலங்கியல் கழகத்தின் வெளியீட்டில் ஹோல்ட்ஸ்வொர்த் என்பவர் இப்பறவையை முதன்முதலாக விவரித்தார். இவர் இலங்கைக்கு வந்தது பறவைகளைத் தேடியன்று. மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிகளைப் பற்றி அரசாங்கத்திற்காக ஆராயவே வந்தார். பறவையை அவருக்கு அளித்தவர் சாமுவேல் பிளை என்னும் காப்பித் தோட்டக்காரர். ஆகவே பறவைக்குப் 'பிளையின் அரெங்கா' என்னும் பொருளில் பெயரிடப்பட்டது. பின்னர் பீரங்கிப் படை அதிகாரியான லெக், 1878 முதல் 1880 வரை வெளியிட்ட தமது பெருநூலிலும் இதற்கு இடமளித்தார்.

இங்கு ஒரு முரண்பாட்டைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. இப்பறவை உலகுக்கு அறிமுகமான அதே ஆண்டுகளில்தான் அதன் காடுகள் மிக விரைவாக அழிந்து கொண்டிருந்தன. அழித்தது காப்பிப் பயிர். பெயரை அளித்தவரும் காப்பித் தோட்டக்காரர்.

உருவும் வாழ்க்கையும்

அரங்கயா ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமுள்ளது. 25 சென்டிமீட்டர் நீளமுள்ள நம் நாட்டு இனத்தினும் சிறியது. ஆண் பறவையின் உடல் கருமை கலந்த பழுப்பு நிறமுடையது; தலையிலும் மார்பிலும் நீலச்சாயல் படர்ந்திருக்கும்; தோளில் ஒளிரும் நீலத்திட்டு ஒன்று உண்டு. பெண் பறவை பழுப்பு நிறமானது. அதன் தோளிலும் நீலம் உண்டெனினும் அளவிற் சிறியது. நம் நாட்டுச் சீகாரப் பூங்குருவியில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோல் இருத்தலின், இவ்வேறுபாடு கவனித்தற்குரியது.

இந்த நீலம் சாயப்பொருளால் உண்டானதன்று. இறகினை அரைத்துப் பார்த்தால் நீலம் மறைந்து விடும். இறகின் நுண்ணிழைகளுக்குள் அமைந்த மிகச் சிறிய காற்றறைகளும் கெரட்டின் என்னும் புரதமும் அடுக்காக நின்று, ஒளியின் நீலப் பகுதியை மட்டும் வலுவாகத் திருப்பி அனுப்புகின்றன. ஆசியாவின் சீழ்க்கைப் பூங்குருவிகளைப் பற்றி 1996-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, அவற்றின் ஒளிரும் இறகுகள் நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக்கதிர்களையும் மிகுதியாகத் திருப்பி அனுப்புகின்றன எனக் காட்டிற்று. பறவைகள் அக்கதிர்களைக் காண வல்லவை. ஆதலின் மரநிழல் மூடிய ஓடையில், நமக்குக் கரும்பறவையாகவே தோன்றும் ஒன்று, அதன் துணைக்கு ஒளிவிடும் அடையாளத்தோடு தோன்றக்கூடும்.

குரலிலும் இடத்தின் தாக்கம் தெரிகின்றது. பாடும் பறவைகளின் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் 'சிரிங்ஸ்' எனப்படும் குரலுறுப்பு அமைந்துள்ளது. அதன் இரு பக்கங்களும் தனித்தனியே இயங்க வல்லவை. நுண்ணிய தசைகள் பல அதனை ஆள்கின்றன. இவ்வுறுப்பைக் கொண்டு ஒரு பறவை எத்தகைய ஒலியை எழுப்புகிறது என்பது, அது வாழும் சூழலைப் பெரிதும் பொறுத்தது. பாறையில் மோதி விழும் நீரின் இரைச்சலிற் பெரும் பகுதி தாழ்ந்த சுருதியிலேயே உள்ளது. அவ்விரைச்சலை ஊடுருவிச் செல்ல வேண்டுமாயின் ஒலி மிக மெல்லியதாகவும் உயர்ந்த சுருதியுடையதாகவும் இருத்தல் வேண்டும். அரங்கயாவிடமிருந்து பெரும்பாலும் கேட்பது 'ஸ்ரீ... ஸ்ரீ' எனக் கூர்மையாகக் காதைத் துளைக்கும் ஒலியே. நம் நாட்டுப் பறவையும் பறந்து செல்லுகையில் இத்தகைய கூரிய ஒலியை எழுப்புவதுண்டு. ஆனால் அதற்கு மேல், நீண்ட சீழ்க்கைப் பாட்டு ஒன்றும் அதனிடம் உள்ளது. இலங்கைப் பறவையின் பாட்டைக் கேட்டவர் மிகச் சிலரே.

விடியலிலும் அந்தியிலுமே அது மிகுதியாக இயங்கும். ஓடைக்கரையின் ஈரச் சருகுகளைக் கிளறியும், நீர் தெறிக்கும் பாறைகளில் தத்தியும் இரை தேடும். பூச்சிகள், சிறு தவளைகள், பல்லிகள், ஓணான் வகைகள் ஆகியன அதன் உணவு. வாலை விசிறிபோல் விரித்துச் சுருக்குவது இப்பேரினத்துப் பறவைகளின் பழக்கம். பாசியும் வேர் நாரும் கொண்டு, நீரோட்டத்தை அடுத்த பாறை விளிம்பிலோ மரக்கவட்டிலோ கிண்ணம் போன்ற கூட்டினை அமைக்கும். இடும் முட்டை ஒன்று அல்லது இரண்டே. நம் நாட்டு இனமோ இரண்டு முதல் நான்கு வரை இடும். வெப்ப மண்டலத் தீவுகளின் பறவைகள் பலவற்றில் இவ்வாறு முட்டை எண்ணிக்கை குறைந்திருப்பதை அறிஞர்கள் கண்டுள்ளனர். நெடுநாள் வாழ்ந்து, சிறிது சிறிதாகப் பெருகும் இம்முறை, சூழ்நிலை மாறாத வரையில் போதுமானதே. மாறினால், இழந்ததை ஈடு செய்யப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

நிலப்பாலம் இருந்தும் வழி இல்லை

இலங்கை நம் கரையிலிருந்து மிகத் தொலைவில் இல்லை. பாக்கு நீரிணை ஆழமற்றது. அதன் பெரும் பகுதியில் ஆழம் 10 மீட்டர் அளவே. கடைசிப் பனியூழியின் உச்சத்தில், அதாவது ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைய அளவினும் 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. அப்போது இராமநாதபுரத்திலிருந்து யாழ்ப்பாணத்திற்கு நடந்தே செல்லலாம். ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே கடல் மீண்டும் இடையில் புகுந்தது. இவ்வாறு பன்முறை நிலம் இணைந்தும் பிரிந்தும் இருக்க, இரு நாட்டு உயிர்களும் ஒன்றாகவே கலந்திருக்க வேண்டுமென்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வாறன்று.

2004-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் தவளைகள், நன்னீர் நண்டுகள், மீன்கள், மண்ணிற் புதைந்து வாழும் பாம்புகள் முதலியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டது. நிலப்பாலம் இருந்த காலங்களிலும் இவ்வுயிர்கள் மிகச் சிறிதளவே கலந்துள்ளன என்பது அதன் முடிவு. காரணம் எளிது. அன்றும் இடையே இருந்தது இன்றைய இராமநாதபுரத்தையும் மன்னாரையும் போன்ற தாழ்ந்த, வறண்ட நிலமே. ஈரக்காட்டில் வாழும் தவளைக்கு வறண்ட சமவெளி கடலினும் சிறந்த பாதையன்று. தவளை உண்ணும் பறவைக்குச் சிறகு உண்டு. ஆனால் ஓடையும் நிழலும் இல்லாத 300 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு யாதொரு தூண்டுதலும் இல்லை. அண்டை நாட்டின் மலையில் உறவினம் இருந்தும், இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததில்லை.

இதனால், அரங்கயாவின் வீடு இலங்கை என்று சொல்வதுகூட மிகைப்பட்ட கூற்றாகின்றது. கடலால் சூழப்பட்ட தீவிற்குள், வெப்பச் சமவெளியால் சூழப்பட்ட மலையே அதன் தீவு. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலிருந்து அதன் எல்லை தொடங்குகின்றது. நுவரெலியா, ஹக்கல, ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைக்காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகிய சில இடங்களே அதன் உலகம்.

5,000 அடிக் கோடு

மேற்கூறிய 900 மீட்டர் என்னும் அளவை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பிப் பயிருக்கு மிகவும் ஏற்றதாகக் கருதப்பட்ட உயரமும் ஏறத்தாழ அங்கிருந்தே தொடங்கி மேற்செல்கின்றது. 1830-களுக்குப் பின் மலைச்சரிவுகள் ஏலமிடப்பட்டன. காடு வெட்டப்பட்டுக் கொளுத்தப்பட்டது. அவ்வேலையைச் செய்தவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து சென்ற தொழிலாளர். மன்னார்க் கரையில் இறங்கி, வடக்கு வறண்ட காட்டின் வழியே மாத்தளை வரை நடந்து சென்ற அம்மக்களில் வழியிலேயே மாண்டவர் பலர். காடழிப்பின் இலாபம் அவர்களைச் சென்றடையவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1869-இல் காப்பி இலைத்துரு என்னும் பூஞ்சண நோய் இலங்கையில் தோன்றியது. இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத் தூளாகக் காணப்படும் இந்நோயை ஆராய, மார்ஷல் வார்டு என்னும் இளம் தாவர நூலார் 1880-இல் அனுப்பப்பட்டார். நோயின் இயல்பை அவர் தெளிவாக விளக்கினார். பரப்பளவு முழுதும் ஒரே பயிரை வைத்ததே அது பரவ வழி வகுத்தது என்பதையும் உணர்ந்தார். ஆயினும் பயிரைக் காக்க இயலவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் காப்பி மறைந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக் கொண்டது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரையில் சிறிய அளவில் தொடங்கிய பயிர் அது. காப்பியைவிட உயர்ந்த இடங்களிலும் தேயிலை செழித்து வளரும். ஆதலின் நோய் காட்டுக்கு விடுதலை தரவில்லை. கோடாரியை இன்னும் மேலே ஏற்றி விட்டது.

அக்கோடாரியைத் தடுத்தது ஒரு கடிதம். லண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ஜோசப் ஹூக்கர் 1873-இல், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பது நாட்டின் மழையையும் நீரோட்டத்தையும் கெடுக்கும் எனவும், அவற்றைக் காக்க வேண்டும் எனவும் அறிவுரை கூறினார். இலங்கை அரசாங்கம் அதனை ஏற்று, அவ்வுயரத்திற்கு மேற்பட்ட காட்டு நிலத்தை விற்பதை நிறுத்தியது. ஹூக்கர் மனத்திலிருந்தது பறவையன்று, நீர். எனினும் மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் தலைநீரைக் காக்க இடப்பட்ட அக்கோடே அரங்கயாவையும் காத்தது எனலாம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 5,000 அடி என்பது 1,524 மீட்டர். பறவையின் எல்லை தொடங்குவது 900 மீட்டரில். இடைப்பட்ட 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரப் பகுதி கோட்டிற்குக் கீழே நின்று விட்டது. மலை கூம்பு வடிவானது என்பதால் கீழ்ப்பகுதியின் பரப்பே மேற்பகுதியினும் பன்மடங்கு பெரிது. இன்று அங்கே தேயிலைச் செடிகளின் பசுமை கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரவியுள்ளது. பார்வைக்கு அழகானதே, அரங்கயாவுக்கோ அது பாலைவனம்.

இன்றைய நிலை

கோட்டிற்கு மேற்பட்ட காட்டிலும் தொல்லைகள் இல்லாமலில்லை. ஹோட்டன் சமவெளி ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், 3,160 ஹெக்டேர் பரப்புள்ள புல்வெளியும் மேகக்காடுமாகும். 1988-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2010-இல் சிவனொளிபாத மலைக்காடு, நக்கிள்ஸ் தொடர் ஆகியவற்றுடன் உலக மரபுச் சின்னமாயிற்று. சட்டத்தின் பாதுகாப்பில் குறையில்லை. எனினும் அங்குள்ள மரங்கள், வெட்டுவார் எவருமின்றியே, நுனியிலிருந்து கருகி மடிந்து வருவது 1970-களிலிருந்து கவனிக்கப்பட்டு வருகின்றது. நீர்ப்பற்றாக்குறை, மண்ணிற் சேரும் உலோகங்கள், பனிமூட்டத்தோடு கலந்து வரும் காற்று மாசு எனப் பல காரணங்கள் கூறப்பட்டுள்ளன. விஞ்ஞானிகளிடையே முடிவு ஏற்படவில்லை. மேகக்காட்டின் மரங்கள் மழையை மட்டுமன்றிப் பனிமூட்டத்தின் ஈரத்தையும் இலைகளிலும் பாசிகளிலும் பிடித்து நிலத்துக்குச் சொட்டுவிக்கின்றன. மரம் மடிந்தால் கோடையில் ஓடை மெலியும்.

ஓடை மெலிந்தால் முதலில் மறைவன தவளைகள். இலங்கை மலைக்காட்டின் மரத்தவளைகள் பல, நீரில் தலைப்பிரட்டைகளாக வாழாமல் முட்டையிலிருந்து நேரே சிறு தவளைகளாக வெளிவருவன. அதனால் குளம் வேண்டியதில்லை; ஆனால் காற்றிலும் சருகிலும் இடையறாத ஈரம் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சேகரிப்புகளில் உள்ள தவளை இனங்களில் ஏறத்தாழ இருபது இன்று காணப்படவில்லை. 1853-இல் கெலார்ட் விவரித்த நட்சத்திரப்புள்ளித் தவளை ஒன்று, அழிந்துவிட்டதென்றே கருதப்பட்டு, 2009-இல் சிவனொளிபாத மலைக்காட்டில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது நம்பிக்கையளிக்கும் செய்தி. அரங்கயாவின் உணவுப் பட்டியலில் தவளைக்கு இடமுண்டு என்பதை முன்னரே கூறினோம்.

உலகின் வெப்பநிலை உயர்ந்து வருதல் இன்னுமொரு கவலை. குளிர்ந்த ஈரத்தை நாடும் உயிர்கள் மேன்மேலும் உயரே செல்லும் போக்கு பல நாடுகளின் மலைகளில் காணப்பட்டுள்ளது. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலயின் உயரம் 2,524 மீட்டர். அதற்கு மேல் ஏற இடமில்லை.

கீழ்ப்பகுதியைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். ஏனெனில், செய்யக்கூடியது மிகுதியாக உள்ளது அங்கேதான். தேயிலைத் தோட்டங்களை ஊடறுத்து எண்ணற்ற ஓடைகள் ஓடுகின்றன. பல இடங்களில் செடிகள் நீரின் விளிம்பு வரை நடப்பட்டுள்ளன. மண்ணும், உரமும், பூச்சிமருந்தும் ஒவ்வொரு மழையிலும் ஓடையில் இறங்குகின்றன. ஓடையின் இருமருங்கிலும் சில மீட்டர் அகலத்திற்கு நாட்டு மரங்களை விட்டுவைத்தால், வேர்கள் மண்ணைப் பிடித்து நிறுத்தும். நிழல் நீரைக் குளிர்விக்கும். பூச்சிமருந்தின் பெரும் பகுதி இலைச்சருகிலேயே தங்கிவிடும். மேற்காட்டுத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் பாதையாகவும் அது பயன்படும். இது அரங்கயாவுக்கு மட்டும் உரிய நன்மையன்று. தோட்டத்து லயங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் குடித்து வருவது, இதே ஓடைகளிலிருந்து பீலி வைத்துப் பிடிக்கும் நீரையே. பறவை விட்டகன்ற ஓடையின் நீரைக் குழந்தைக்குக் கொடுக்குமுன் அதனைச் சோதித்துப் பார்ப்பது அறிவுடைமையாகும்.

ஜாவாவிலும் சுமத்திராவிலும் பாடும் பறவைகளைக் கூண்டில் அடைத்து விற்கும் வாணிபம் பெருகி, பல இனங்கள் காட்டிலிருந்தே மறைந்து வருகின்றன. நல்வினைப் பயனாக அரங்கயாவுக்கு அந்த ஆபத்து இல்லை. அழகிய பாட்டு வெளிப்படாமல் மறைந்து நிற்பதும் ஒருவகையில் நன்மையே போலும்.

ஆராயப்பட வேண்டியவையும் உள்ளன. 1880-களில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் தங்கள் பொழுதுபோக்கிற்காக நுவரெலியாவின் ஓடைகளில் டிரவுட் மீனை விட்டனர். அதற்கு முன் உயர்மலை ஓடைகளில் இத்தகைய பெரிய வேட்டை மீன் இல்லை. நீரில் வளரும் பூச்சிக் குஞ்சுகளை டிரவுட் தின்னும். அப்பூச்சிகள் வளர்ந்து பறக்கும்போது அவற்றைப் பிடித்துண்பது பறவை. இரு பங்காளிகளும் ஒரே கலத்தில் உண்ணும்போது ஒருவருக்கு எவ்வளவு குறைகிறது என்பது அளந்து காண வேண்டியதொன்று. டிரவுட் உள்ள ஓடை, இல்லாத ஓடை ஆகிய இரண்டிலும் பூச்சிகளை எண்ணிப் பார்த்தாலே தொடக்கம் கிடைத்துவிடும்.

பறவைகளை எண்ணுவதே எளிதன்று. கண்ணாற் காண்பதை நம்பினால் எண்ணிக்கை பெரிதும் குறைந்துவிடும். காதையே நம்ப வேண்டும். ஹோட்டன் சமவெளியில், சாலையை ஒட்டி 'அரெங்காக் குளம்' என்றே பெயர் பெற்ற சிறு நீர்நிலை ஒன்று உள்ளது. பறவை ஆர்வலர்கள் சூரியோதயத்திற்கு அரைமணி முன்னரே அங்கு வந்து, குளிரில் அசையாமல் நிற்பர். முதலில் இருளிலிருந்து அந்தக் கூரிய ஒலி வரும். பின்னர், நீர் விளிம்பில் ஒரு கரிய உருவம் இரண்டு மூன்று முறை தத்தும். ஒளி பரவத் தொடங்கியதும் மறைந்துவிடும். அண்மைக் காலத்தில், ஓடைக்கரை மரங்களிற் கட்டித் தொங்கவிட்டால் பல நாட்கள் தாமே ஒலிப்பதிவு செய்யும் சிறு கருவிகள் எளிய விலையில் கிடைக்கின்றன. அரங்கயாவின் ஒலி மிக உயர்ந்த சுருதியுடையது. ஆதலின் நீரின் இரைச்சலிலிருந்து அதனைக் கணிப்பொறி கொண்டு பிரித்தெடுப்பது கடினமன்று. ஓடையின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு கருவி வீதம் வைத்து, விடியல் ஒருமணியும் அந்தி ஒருமணியும் மாதந்தோறும் பதிவு செய்தால், எவ்வோடையில் பறவை உள்ளது, எம்மாதத்தில் அது ஒலிக்கிறது, தேயிலைக்குள் எவ்வளவு தூரம் இறங்கி வருகிறது என்பனவற்றுக்கு விடை கிடைக்கும்.